தோற்ற இடத்துக் கல்லுக்கு மாலை

ஒட்டுசுட்டானுக்கு அருகே கற்சிலைமடுவில் இருக்கும் கல்லை, வன்னித் தலைவன் பண்டாரவன்னியனின் நினைவுக்கல் என்றுதான் வன்னியில் எல்லாரும் அறிவார்கள். ஆனால் அவனைப் போற்றுவதற்காக அது நடப்படவில்லை. 1803 ஒக்டோபர் 31ஆம் திகதி இவ்விடத்தருகே கப்டன் வொன் ட்ரிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்பதுதான் அதில் ஆங்கிலத்தில் பொறித்திருந்த செய்தி. வென்ற ஆங்கிலேயர் வைத்த அடையாளத்துக்கு ஊர்ச்சனம் மாலை போட்டு, அதைத் தங்கள் தலைவனின் கல்லாக்கிக்கொண்டது.

வன்னியர்கள் இந்தக் காட்டுநிலத்தின் குறுநிலத் தலைவர்கள். போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் யானைகளைத் திறையாகக் கொடுத்தும், சில காலம் கொடுக்க மறுத்தும் தங்கள் ஆட்சியைக் காத்தவர்கள். 1780களில் ஒல்லாந்தர் வன்னியை நேரடியாகப் பிடித்தார்கள். அடுத்து ஆங்கிலேயர் வந்தார்கள். 1803இல் கண்டியில் ஆங்கிலப் படை அடிவாங்கிய அதே வருடம், ஓகஸ்ட் 25ஆம் திகதி, கண்டியரின் துணையோடு பண்டாரவன்னியன் முல்லைத்தீவைத் தாக்கிப் பிடித்தான். அங்கிருந்த படை கடல்வழியாக யாழ்ப்பாணத்துக்குத் தப்பியது. பிறகு யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை என்று மூன்று பக்கத்தாலும் படை வந்தது. அவனது எதிர்ப்பு கற்சிலைமடுவில் முடிந்தது. இன்று முல்லைத்தீவு ஓகஸ்ட் 25ஐ அவனது வெற்றி நாளாகக் கொண்டாடுகிறது. முல்லைமணி அவனைப் பற்றி நாடகம் எழுதினார், தமிழகத்தில் கலைஞர் கருணாநிதி நாவல் எழுதினார். வவுனியாக் கச்சேரிக்கு அருகே சிலையும் நிற்கிறது.

அந்நியரை எதிர்த்த தலைவர்களுக்கு மதிப்பைத் திருப்பிக் கொடுக்க இலங்கை அரசுக்கும் தெரியும். 1818 ஊவா-வெல்லச எழுச்சியில் சேர்ந்த கெப்பெட்டிபொல திசாவ உள்ளிட்டோரைத் துரோகிகள் என்று ஆங்கில ஆளுநர் வெளியிட்ட வர்த்தமானி, 2016 டிசம்பரில் இரத்துச் செய்யப்பட்டது. அது சரியான செயல். ஆனால் இருநூறு வருடத்துக்கு முன் இறந்தவரைப் போற்றுவதால் இன்று அதிகாரத்தில் இருக்கும் எவருக்கும் ஒரு நட்டமும் வராது. நேற்று இறந்தவர்களுக்காக அழ விடுவதுதான் கடினம், நல்லிணக்கத்தை அதை வைத்துத்தான் அளக்க வேண்டும் என்பேன்.

அந்த அளவுகோலை வன்னியில் வைத்துப் பாருங்கள். 2009இல் உள்நாட்டுப் போர் முடிந்த மறுவருடமே கற்சிலைமடுக் கல் உடைக்கப்பட்டது, பிறகு மீள அமைக்கப்பட்டது. போரில் இறந்த விடுதலைப் புலிகளின் கல்லறைகள் இருந்த மாவீரர் துயிலும் இல்லங்கள் இயந்திரங்களால் கிளறி அழிக்கப்பட்டன. கிளிநொச்சி கனகபுரத்தில் 2016 நவம்பரில் சனம் பற்றையை வெட்டித் துப்புரவாக்கி விளக்கேற்றியது. எந்தத் துண்டு எந்தப் பிள்ளையின் கல்லறை என்று பிரிக்க முடியாததால், உடைந்த கற்களை ஒன்றாகக் குவித்து வைத்தார்கள். ஒரு தாய் தன் பிள்ளைக்கு என்று கொண்டுவந்த பூவை அந்தக் குவியலில்தான் வைக்க வேண்டும். பிள்ளை எந்தப் பக்கம் நின்று இறந்திருந்தாலும் அந்தப் பூவைத் தடுக்க ஒருவருக்கும் உரிமை இல்லை.

கல்லறை இருந்தவர்கள் நிலை இது. வேறு சிலர் இறந்தார்களா என்றே தெரியாது. 2009 மேயில் வட்டுவாகலிலும் ஓமந்தையிலும் இராணுவத்திடம் கையளிக்கப்பட்டவர்கள் எங்கே என்று கேட்டு, 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசாமி கோவிலடியில் தாய்மார் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். நான்கு நாளில் வவுனியா, மார்ச்சில் முல்லைத்தீவு. 2016இன் சட்டப்படி காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம், ஓ.எம்.பி., அமைந்தது. அது தேடலாம், விசாரிக்கலாம். ஆனால் அது கண்டறிவதால் எவர்மீதும் குற்றவியல் பொறுப்போ குடியியல் பொறுப்போ எழாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. 2022இல் குடும்பத்துக்கு இரண்டு லட்சம் ரூபாய் என்று அரசு அறிவித்தபோது, போராடும் தாய்மார் வேண்டாம் என்றார்கள். அவர்கள் கேட்பது பதிலை, பிறகு நீதியை.

இப்படித் தேடுவதை வேறொரு நாடு எப்படிப் பார்த்தது என்று பாருங்கள். கனடாவில் பழங்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்த விடுதிப் பாடசாலைகளை விசாரித்த உண்மை, நல்லிணக்க ஆணைக்குழு 2015இல் 94 பரிந்துரைகளை வைத்தது. அவற்றில் சில, இறந்த பிள்ளைகளின் பெயர்களையும் புதைகுழிகளையும் தேடிப் பதிவதற்கு மட்டும் உரியவை. இறந்தவர்களின் பெயரையும் குழியையும் தேடுவதும் நல்லிணக்கத்தின் பகுதி என்று அங்கே எழுத்தில் ஒப்புக்கொண்டார்கள்.

முல்லைத்தீவு கொக்குத்தொடுவாயில் 2023 ஜூனில் தண்ணீர்க் குழாய்க்கு நிலம் வெட்டியபோது எலும்புகள் வந்தன. நீதிமன்ற மேற்பார்வையில் 2024 ஜூலை வரை தோண்டியதில் 52 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. இன்னார் என்று சொல்ல மரபணுவை ஒப்பிட வேண்டும், அதற்குப் பெற்றோர், பிள்ளைகள், கூடப்பிறந்தோரின் மரபணு மாதிரி வேண்டும். 2017இல் போராட்டப் பந்தலில் வந்து குந்தியிருந்த பெற்றோரில் பலர் இறந்துபோய்விட்டார்கள். மிச்சமிருப்போரின் மாதிரிகளையாவது, வழக்கு முடியட்டும் என்று காத்திராமல், இந்த வருடத்திலேயே எடுத்து வைக்க வேண்டும்.