பக்கத்து சீட்டுக்காரர் என்ன சொல்கிறார்?

2024 செப்டம்பர் 27 அன்று ‘மெய்யழகன்’ தியேட்டர்களுக்கு வந்தது. ‘96’ எடுத்த பிரேம்குமாரின் அடுத்த படம் என்பதால் நல்ல எதிர்பார்ப்பு இருந்தது. படத்தின் நீளம் 177 நிமிடம். பார்த்துவிட்டு வெளியே வந்தவர்களில் பலர் ஒரே மாதிரிதான் பேசினார்கள். “படம் நல்லாத்தான் இருக்கு, ஆனா ரொம்ப நீளம். ரெண்டு பேர் விடிய விடிய பேசிக்கிட்டே இருக்காங்க.” இந்தப் பேச்சு படக்குழுவின் காதுக்கும் போய்ச் சேர்ந்தது. சில நாட்களிலேயே 18 நிமிடம் 42 விநாடி கத்தரிக்கப்பட்டது.

நான்கு வாரம் கழித்து நெட்ஃப்ளிக்ஸில் வந்தபோது அதே படத்தைப் பற்றிய பேச்சு வேறு மாதிரி இருந்தது. பார்த்தவர்கள் அழுதேன் என்றார்கள். ஊரில் இருக்கும் சித்தப்பாவுக்குப் போன் போட்டேன் என்றார்கள். தமிழே தெரியாதவர்கள் எழுத்தில் ஓடும் வசனத்தைப் படித்துக்கொண்டே பார்த்துவிட்டு, பக்கம் பக்கமாக எழுதினார்கள்.

ஒரு படத்துக்கு ஒரு மாதத்துக்குள் இப்படி இரண்டு தீர்ப்பு வந்தால் எதை நம்புவது? இரண்டையும் நம்பலாம். சாதாரணப் பார்வையாளர் போகிறபோக்கில் சொல்லும் கருத்து, படத்தைப் பற்றியது மட்டும் அல்ல. அவர் எங்கே, எந்த மனநிலையில், யாரோடு உட்கார்ந்து பார்த்தார் என்பதும் அதில் கலந்தே இருக்கும். கார்த்தி படம் என்று குடும்பத்தோடு தியேட்டருக்கு வந்தவருக்கு ஒரு வேகம் தேவைப்பட்டது. ராத்திரி பதினோரு மணிக்கு வீட்டில் தனியாகப் பார்த்தவருக்கு அந்த அவசரம் இல்லை.

படத்தின் கதை இதுதான். சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் போன குடும்பத்தின் பிள்ளை அருள்மொழி. அரவிந்த்சாமி நடித்திருக்கிறார். பல வருடம் கழித்து தங்கை முறையுள்ள பெண்ணின் கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். மண்டபத்தில் ஓர் ஆள் ‘அத்தான், அத்தான்’ என்று ஒட்டிக்கொள்கிறார். அவர் யார், பெயர் என்ன என்று அருள்மொழிக்கு நினைவில்லை, கேட்கவும் கூச்சம். அந்த ஆள்தான் கார்த்தி. மேடையில் அருள்மொழி, வாங்கிவந்த நகைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தங்கைக்குப் போட்டுவிடும் இடம் ஒன்று இருக்கிறது. பெரிய வசனம் எதுவும் கிடையாது. படத்தைப் பற்றிப் பேசும் பத்துப் பேரில் பெரும்பாலானோர் அங்கேதான் வந்து நிற்பார்கள். இன்னொன்று அந்த சைக்கிள். அருள்மொழி குடும்பம் ஊரைவிட்டுப் போகும்போது விட்டுச்சென்ற பழைய சைக்கிள்தான் தன் வீட்டைத் தூக்கி நிறுத்தியது என்று அந்த ஆள் வெள்ளந்தியாகச் சொல்கிறார். இவ்வளவு அன்பு வைத்திருப்பவனின் பெயர்கூடத் தனக்குத் தெரியவில்லையே என்ற குற்ற உணர்ச்சியில் அருள்மொழி நடு ராத்திரியில் சொல்லாமல் கிளம்பிவிடுகிறார்.

“நீளம்” என்று சொன்னவர்களில் பலர் இந்த இரண்டு இடங்களையும் பாராட்டத் தவறவில்லை. அவர்கள் சொன்ன அசதி உண்மையானது. ஆனால் இத்தனை நிமிடம் வெட்டினால் அசதி போய்விடும் என்பது வேறு விஷயம். வயிறு வலிக்கிறது என்று நோயாளி சொன்னால் டாக்டர் நம்பத்தான் வேண்டும். மருந்தையும் நோயாளியே எழுதவேண்டும் என்றில்லை. அதே வருடம் ஜூலையில் வெளியான ‘இந்தியன் 2’ படத்திலும் வெளியான சில நாட்களில் 12 நிமிடம் குறைத்தார்கள். படத்தைப் பற்றிய பேச்சு மாறவில்லை. ஜனங்களுக்குக் குறையாகப் பட்டது நீளம் மட்டுமல்ல.

‘மெய்யழகன்’ வருவதற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு ‘லப்பர் பந்து’ வந்தது. தமிழரசன் பச்சமுத்துவுக்கு அது முதல் படம். ஹரிஷ் கல்யாணும் ‘அட்டகத்தி’ தினேஷும்தான் நாயகர்கள். முதல் நாளே கட்அவுட்டுக்குப் பால் ஊற்றும் கூட்டம் கிடையாது. ஆனால் படம் பார்த்தவர்கள் படத்தைவிட்டு வேறு எதையோ பேசினார்கள். தங்கள் ஊரில் ரப்பர் பந்தில் சிக்ஸர் அடிக்கும் அண்ணன் ஒருவரைப் பற்றி, சாதி பார்த்து டீமில் சேர்க்காமல் உட்காரவைத்த பையனைப் பற்றி, ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட்டுக்காக வீட்டில் பொய் சொன்னதைப் பற்றி. தினேஷ் நடித்த ‘கெத்து’ களமிறங்கும்போது விஜயகாந்தின் பழைய பாட்டு ஒலிக்கும். அந்த இடத்தில் தியேட்டரில் எழுந்த சத்தத்தைப் படம் பார்க்காதவர்களுக்கும் விவரித்தார்கள். ஒரு படத்தைப் பார்த்துவிட்டு ஒருவர் தன் ஊர்க்கதையைச் சொல்ல ஆரம்பிக்கிறார் என்றால் அதைவிடப் பெரிய பாராட்டு இல்லை. மதிப்பெண்ணும் நட்சத்திரமும் அதற்குப் பிறகுதான்.

மதிப்பெண்ணுக்கும் தமிழில் ஒரு மரியாதை உண்டு. ஆனந்த விகடன் 1977-ல் ‘16 வயதினிலே’ படத்துக்குக் கொடுத்த 62.5 மதிப்பெண்ணை இன்றும் சினிமா பேசுகிறவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் தியேட்டருக்கு ஆளைக் கூட்டி வந்தது எப்போதும் வாய்வழிப் பேச்சுதான். 1978 ஆகஸ்ட் 15-ல் வெளியான ‘முள்ளும் மலரும்’ முதல் சில வாரங்கள் சொல்லிக்கொள்ளும்படி ஓடவில்லை. மகேந்திரன் இயக்கிய முதல் படம். ரஜினி அதில் வின்ச் ஆபரேட்டராக, ஒரு கையை இழக்கும் அண்ணனாக நடித்திருந்தார். பார்த்தவர்கள் பார்க்காதவர்களிடம் சொல்லிச் சொல்லித்தான் கூட்டம் சேர்ந்து நூறு நாள் வரை போனது. 1999 டிசம்பரில் வந்த ‘சேது’வின் நிலைமை அதைவிட மோசம். முடிவு சோகமாக இருக்கிறது என்று விநியோகஸ்தர்கள் வாங்கத் தயங்கிய படம். சென்னையில் ஒற்றைத் தியேட்டரில் பகல் காட்சியாக மட்டுமே போட்டார்கள். அந்தச் சிறு கூட்டம் வெளியே வந்து பேசியதில்தான் விக்ரம் என்ற நடிகருக்கு இரண்டாவது வாழ்க்கை தொடங்கியது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பின்னாலேயே வந்தது.

அந்தப் பேச்சுக்கு அன்று நேரம் இருந்தது என்பதைக் கவனிக்கவேண்டும். டீக்கடையில், ஆபீஸ் கேன்டீனில், தண்ணீர் பிடிக்கும் வரிசையில் ஒருவர் இன்னொருவரிடம் சொல்ல நாலைந்து நாள் ஆகும். அதற்குள் படம் மனதில் கொஞ்சம் ஊறியிருக்கும். இன்று தமிழ்நாட்டில் முதல் காட்சி காலை 9 மணிக்கு. கேரளத்திலும் கர்நாடகத்திலும் பெரிய படங்களுக்கு அதற்கு முன்பே காட்சி தொடங்கிவிடுவதால், இங்கே டைட்டில் ஓடும்போதே அங்கிருந்து ‘செகண்ட் ஹாஃப் சொதப்பல்’ என்று போனுக்குச் செய்தி வந்துவிடுகிறது. வெளியே வந்தால் வாசலில் யூடியூப் சேனல்களின் மைக். இன்னும் கண் கூசுவது அடங்காத மனிதரிடம் ஒரே வரியில் தீர்ப்புக் கேட்டால், அவர் சத்தமாகச் சொல்லக்கூடியதைத்தான் சொல்வார்.

2024 நவம்பர் 14-ல் வெளியான ‘கங்குவா’ இந்த மைக்குகளிடம் கடுமையாக அடிவாங்கியது. ஒரு வாரத்துக்குள் தயாரிப்பாளர்கள் தரப்பிலிருந்து அறிக்கை வந்தது: தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூப் சேனல்களை அனுமதிக்கக் கூடாது, ‘இந்தியன் 2’, ‘வேட்டையன்’, ‘கங்குவா’ ஆகிய படங்கள் முதல் நாள் விமர்சனத்தால் பாதிக்கப்பட்டன என்று. வெளியாகி மூன்று நாளைக்கு விமர்சனமே கூடாது என்று கேட்டு சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் போனார்கள். டிசம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்தது. விமர்சனம் என்பது கருத்துச் சுதந்திரத்தில் அடங்கும் என்றது. அது சரியான முடிவு. காசு கொடுத்துப் படம் பார்த்தவரின் வாயை மூன்று நாள் கட்டிப்போட முடியாது, கட்டிப்போடவும் கூடாது.

ஆனால் அதே ‘கங்குவா’வில் நடந்த இன்னொன்றைப் பலர் மறந்துவிட்டார்கள். முதல் நாள் பார்த்தவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது ‘காது வலிக்குது’ என்பது. கதையைப் பற்றியோ நடிப்பைப் பற்றியோ அல்ல, சத்தத்தைப் பற்றி. ஆஸ்கர் வாங்கிய ஒலிக் கலைஞர் ரசூல் பூக்குட்டி அந்தக் குறையை வெளிப்படையாகப் பேசினார். படத்துக்காக வாதாடி எழுதிய நடிகை ஜோதிகாவும், முதல் அரை மணி நேரம் எடுபடவில்லை, சத்தம் உறுத்துகிறது என்று ஒப்புக்கொண்டார். தயாரிப்பாளர் ஞானவேல் ராஜா, ஒலி அளவை இரண்டு புள்ளி குறைக்கச் சொல்லித் தியேட்டர்காரர்களுக்குத் தெரிவித்ததாகச் சொன்னார். தொழில் தெரிந்தவர்கள் பல மாதம் உட்கார்ந்து கலந்த ஒலியில் இருந்த குறையை, மைக் முன்னால் காதைத் தேய்த்துக்கொண்டு நின்ற ஓர் ஆள் சொல்லிவிட்டார். இப்படிக் குறிப்பாகச் சொல்லும் கருத்துக்கு எவ்வளவு மதிப்பு கொடுத்தாலும் தகும். ‘மரண மொக்கை’ என்ற சொல்லால் எந்த இயக்குநருக்கும் எதையும் திருத்திக்கொள்ள முடியாது. ‘இடைவேளைக்கு முன்னாடி அந்தச் சண்டை யாருக்காகன்னே புரியல’ என்றால் முடியும்.

கருத்து காலப்போக்கில் மாறுவதும் இயல்புதான். 2003 பொங்கலுக்கு வந்த ‘அன்பே சிவம்’ வசூலில் தோற்றது. டிவியில் திரும்பத் திரும்பப் போட்டபோதுதான் ஜனங்கள் அதைத் தங்கள் படமாக எடுத்துக்கொண்டார்கள். 2010 பொங்கலுக்கு வந்து பலரைக் குழப்பிய செல்வராகவனின் ‘ஆயிரத்தில் ஒருவன்’ 2021 டிசம்பர் 31-ல் மறுபடி தியேட்டருக்கு வந்தபோது, முதல் முறை வந்தபோது பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள்.

சில படங்களுக்கு அவ்வளவு காலம் தேவைப்படுவதில்லை. 2025 மே 1 அன்று சூர்யாவின் ‘ரெட்ரோ’ வெளியான அதே நாளில் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ வந்தது. இலங்கையிலிருந்து படகேறி ராமேசுவரம் வந்து சென்னையில் ஒரு தெருவில் குடியேறும் நாலு பேர் குடும்பம். சசிகுமார், சிம்ரன் அப்பா அம்மா. இருபதுகளில் இருக்கும் அபிஷன் ஜீவிந்த் எடுத்த முதல் படம். பார்த்தவர்கள் சொன்னது சுருக்கம்தான்: சிரிச்சோம், அழுதோம், அம்மா அப்பாவைக் கூட்டிட்டுப் போங்க. வாரம் போகப் போகக் கூட்டம் ஏறியது. மூன்றாவது வாரத்தில் இயக்குநர் ராஜமௌலி படத்தைப் பார்த்துவிட்டு நாலு வரி எழுதினார். மனதைத் தொட்டது, வயிறு குலுங்கச் சிரிக்கவைத்தது, எல்லோரும் பாருங்கள் என்பதுதான் அதன் சாரம். அவர் சொன்னதைக் கேட்டு ஆந்திரா பக்கம் புதிதாகச் சிலர் போயிருக்கலாம். இங்கே அதற்குள் அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு பெரும்பாலானோர் போய்வந்துவிட்டார்கள்.