ஆறாம் வகுப்பிலேயே முடிவாகும் மருத்துவ இடம்

கோடை முடிந்து பள்ளி திறக்கும் நேரத்தில் சேலத்திலிருந்து ராசிபுரம் வழியாக நாமக்கல்லுக்குப் பேருந்தில் போனால், சாலையின் இருபுறமும் மாணவர்களின் படங்களோடு விளம்பரத் தட்டிகள் நிற்கும். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் நீட் மதிப்பெண் இருக்கும். கோழிப்பண்ணை, லாரி பாடி கட்டுதல், ரிக் வண்டி, விசைத்தறி, சேகோ ஆலை ஆகியவற்றோடு, விடுதியுள்ள தனியார் பள்ளிகளுக்கும் பெயர் போன வட்டாரம் இது. டாக்டர் கனவோடு வெளிமாவட்டப் பெற்றோரும் பிள்ளைகளை இங்கே கொண்டுவந்து விடுகிறார்கள்.

அந்த விடுதிகளைக் கூட்டிப் பெருக்கப் போகும் காலனித் தாய்மாரின் பிள்ளைகளுக்கு அதே ஊரில் என்ன வழி இருக்கிறது? வழி இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. ஆனால் அது எந்த வகுப்பில் தொடங்குகிறது என்பது பல வீடுகளுக்குத் தெரிவதில்லை. பிளஸ் 2 முடித்த பிறகு விசாரிக்கப் போகும்போது, சிலருக்கு அந்த வழி ஆறாம் வகுப்பிலேயே அடைபட்டிருக்கிறது.

7.5 சதவீதம் வந்த வழி

2017 செப்டம்பர் 1-ம் தேதி அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த மாணவி அனிதா உயிரை மாய்த்துக்கொண்டார். மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். பிளஸ் 2-வில் 1200-க்கு 1176 மதிப்பெண். பழைய முறையில் அவருடைய மருத்துவ கட்-ஆஃப் 196.75. அந்த மதிப்பெண்ணுக்கு இடம் உறுதி. ஆனால் அந்த ஆண்டு நீட் மதிப்பெண் மட்டுமே கணக்கில் கொள்ளப்பட்டது. உச்ச நீதிமன்றம் வரை சென்று வழக்கில் தன்னையும் சேர்த்துக்கொண்ட அந்தத் தலித் மாணவிக்கு இடம் கிடைக்கவில்லை.

அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் அரசுப் பள்ளியில் படித்து எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களின் எண்ணிக்கை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. அரசு ஒன்றியம்தோறும் 412 பயிற்சி மையங்களை அறிவித்தும் நிலைமை பெரிதாக மாறவில்லை. ஓய்வுபெற்ற நீதிபதி பி.கலையரசன் தலைமையிலான குழு, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 10 சதவீத உள் ஒதுக்கீடு கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தது. அரசு அதை 7.5 சதவீதமாக்கி, 2020 செப்டம்பரில் சட்டப்பேரவையில் மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநரின் ஒப்புதல் தாமதமானதால் அக்டோபர் 29-ம் தேதி அரசாணை வெளியானது. மறுநாள் ஒப்புதல் வந்தது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றமும் இந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

முதல் ஆண்டிலேயே 313 எம்.பி.பி.எஸ். இடங்களும் 92 பி.டி.எஸ். இடங்களும், ஆக 405 இடங்கள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒதுக்கப்பட்டன. தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தும் கட்டணம் கட்ட வழியில்லாமல் சிலர் தவித்தபோது, அதை அரசே ஏற்கும் என்று அந்த நவம்பரிலேயே அறிவிப்பு வந்தது. சித்தா, ஆயுர்வேதம், ஹோமியோபதி படிப்புகளுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும்.

எங்கே தவறுகிறது?

இந்த ஒதுக்கீட்டுக்கு ஒரு நிபந்தனை உண்டு. 6-ம் வகுப்பு முதல் பிளஸ் 2 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஊராட்சி ஒன்றிய, நகராட்சி, மாநகராட்சிப் பள்ளிகளும், ஆதி திராவிடர் நலப் பள்ளிகளும் அரசுப் பள்ளிகள்தான். அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. கல்வி உரிமைச் சட்டப்படி 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் சேர்ந்து 8-ம் வகுப்பு வரை படித்தவர்கள், 9 முதல் பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் படித்தால் தகுதி உண்டு.

நடப்பது என்ன? தறியிலோ கோழிப்பண்ணையிலோ கூலிக்குப் போகும் அப்பா, பிள்ளை இங்கிலீஷ் படிக்கட்டும் என்று வட்டிக்கு வாங்கி ஆறாம் வகுப்பில் மெட்ரிக் பள்ளியில் சேர்க்கிறார். இரண்டு வருடம் கழித்துக் கட்டணம் கட்ட முடியாமல் திரும்ப அரசுப் பள்ளிக்கே கொண்டுவருகிறார். அந்த இரண்டு ஆண்டுகள் பிள்ளையின் 7.5 சதவீத உரிமையைக் கொண்டுபோய்விடுகின்றன. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு வெளிமாநிலம் போகிறவர்கள் பிள்ளையை அங்கே ஓராண்டு படிக்க வைத்தாலும் இதே சிக்கல்தான். பக்கத்தில் மிஷன் பள்ளிதான் இருக்கிறது என்று அதில் சேர்ந்து, கடைசி வரை நன்றாகப் படித்த பிள்ளைக்கும் இதே கதிதான்.

அனிதாவையே எடுத்துக்கொள்வோம். அவர் பிளஸ் 2 படித்தது தனியார் பள்ளியில். யாருடைய சாவு நாட்டையே பேச வைத்ததோ, அந்த மாணவி இன்று விண்ணப்பித்தாலும் 7.5 சதவீதத்தில் வர முடியாது. ஏழைத் தலித் குடும்பங்களுக்கு முதன்முதலில் பள்ளிக்கூட வாசலைக் காட்டியதில் உதவி பெறும் பள்ளிகளுக்கும் பங்கு உண்டு. அங்கே படிக்கும் கூலித் தொழிலாளர் பிள்ளைகளுக்கும் ஒரு வழி செய்ய வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. அது கிடைக்கும் வரை, இருக்கிற விதியைத் தெரிந்துகொண்டு நடப்பதுதான் பாதுகாப்பு.

18-க்குள் 3

7.5 சதவீதத்துக்குள்ளும் சாதிவாரி இட ஒதுக்கீடு உண்டு. பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதம். அதற்குள் அருந்ததியருக்கு 2009-ம் ஆண்டுச் சட்டப்படி 3 சதவீதம். பழங்குடியினருக்கு 1 சதவீதம். முதல் ஆண்டின் 405 இடங்களை வைத்துக் கணக்கிட்டால் 18 சதவீதம் என்பது ஏறக்குறைய 73 இடங்கள். 3 சதவீதம் என்பது 12 இடங்கள். அருந்ததியர் அதிகம் வாழும் சேலம், நாமக்கல் மாவட்டங்களுக்கு இந்தக் கணக்கு முக்கியம். உள் ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்ட் 1-ம் தேதி உச்ச நீதிமன்றத்தின் 7 நீதிபதிகள் அமர்வும் தீர்ப்பளித்துவிட்டது.

சாதிச் சான்றிதழில் மாதாரி, சக்கிலியர், பகடை, மாதிகா, தோட்டி, ஆதி ஆந்திரர் என்று எழுதியிருந்தாலும் அருந்ததியர் ஒதுக்கீட்டில் வரும். விண்ணப்பத்தில் எஸ்.சி. என்று மட்டும் குறிக்காமல் எஸ்.சி.ஏ. என்று சரியாகக் குறிக்க வேண்டும். நல்ல மதிப்பெண் இருந்தால் பொதுப் பிரிவிலேயே இடம் கிடைக்கும். ஒதுக்கீட்டில் மட்டும்தான் இடம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஒதுக்கீட்டில் வந்தவர்களால் படிக்க முடியுமா என்று கேட்கிறவர்கள் உண்டு. உள்ளே போன பிறகு எல்லோருக்கும் அதே வகுப்பறை, அதே எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத் தேர்வு, அதே தேர்ச்சி மதிப்பெண்தான். 2021-ல் ராசிபுரம் தனித் தொகுதியில் வென்று அமைச்சரான மா.மதிவேந்தனும் ஒரு மருத்துவர்தான்.

இரண்டாவது ஆண்டுக்கு யார் பொறுப்பு?

நீட் தேர்வின் தாக்கத்தை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021 ஜூலையில் அறிக்கை கொடுத்தது. அதில் ஒரு புள்ளிவிவரம் எல்லாப் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. 2016-17-ல் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் பழைய மாணவர்கள் 100-க்கு 12 பேர்தான். 2020-21-ல் அது 71 பேர். அதாவது பத்தில் ஏழு பேர் பிளஸ் 2 முடித்த பிறகு ஓராண்டோ அதற்கு மேலோ வீட்டிலிருந்து படித்து மறுபடி எழுதியவர்கள்.

2020-ல் 664 மதிப்பெண் எடுத்த தேனி மாவட்டம் சில்வார்பட்டி அரசுப் பள்ளி மாணவரும் முதல் முயற்சியில் இடம் பெற்றவர் அல்ல. ஆடு மேய்ப்பவரின் மகன். ஆசிரியர்களும் நல்ல மனம் படைத்தவர்களும் உதவியதால் ஓராண்டு பயிற்சி எடுத்தார்.

பள்ளிக் கல்வித் துறை நடத்தும் இலவசப் பயிற்சி பெரும்பாலும் பிளஸ் 2 படிக்கும்போதுதான் கை கொடுக்கிறது. மாவட்டம்தோறும் உள்ள அரசு மாதிரிப் பள்ளிகளிலும் உண்டு உறைவிட வசதியோடு பயிற்சி தருகிறார்கள். தேர்வு முடிந்து இடம் கிடைக்காவிட்டால் பிள்ளை தனியாக நிற்கிறது. ‘ஒரு வருடம் சும்மா இருக்கிறாயா?’ என்று கேட்காத வீடு இல்லை. பையன் என்றால் தறிக்குப் போகிறான். பெண் என்றால் கல்யாணப் பேச்சு வருகிறது. காசு உள்ள வீட்டில் அதே ஓராண்டு முதலீடாகிறது, நம் வீட்டில் அது பாரமாகிறது. இடைவெளி விழுவது இங்கேதான்.

இங்கே உதவப் பெரிய அறக்கட்டளை தேவையில்லை. தாட்கோ அவ்வப்போது ஆதி திராவிடர், பழங்குடி மாணவர்களுக்குத் தேர்வுப் பயிற்சிகளை அறிவிக்கிறது. மாவட்ட அலுவலகத்தில் விசாரிக்கலாம். ஊரில் அரசு வேலையில் இருக்கும் பத்துப் பேர் மாதம் ஐந்நூறு ரூபாய் போட்டால், ஒரு பிள்ளையின் புத்தகத்துக்கும் மாதிரித் தேர்வுக்கும் பேருந்துக்கும் ஆகும். காலனியில் ஒரு சமுதாயக் கூடம் மாலை ஆறு மணி முதல் பத்து மணி வரை விளக்கோடு திறந்திருந்தால், அதுவே ஒரு படிப்பகம்.

மாணவர்களுக்கு

நீட் தேர்வில் 180 கேள்விகள், 720 மதிப்பெண். இதில் பாதி, 90 கேள்விகள் உயிரியல். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 மதிப்பெண் குறையும். தமிழிலும் எழுதலாம். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் பிளஸ் 2-வில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களில் 40 சதவீதம் எடுத்திருந்தால் போதும். எனவே பிளஸ் 1 சேரும்போது உயிரியல் உள்ள பிரிவை எடுக்க வேண்டும். உள்ளூர்ப் பள்ளியில் அந்தப் பிரிவு இல்லாவிட்டால், ஆதி திராவிடர் நல விடுதியில் தங்கி, பிரிவு உள்ள வேறு அரசுப் பள்ளிக்குப் போகலாம்.

பி.டி.எஸ். என்றால் இரண்டாம்தரம் என்று நினைக்க வேண்டாம். அதே நீட், அதே கலந்தாய்வுதான். நம் கிராமங்களில் பல் வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டே காலம் தள்ளும் பெரியவர்கள் எத்தனை பேர்! வாய்ப் புற்றை ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பதும் பல் மருத்துவர்தான்.

தேர்வு போனால் வாழ்க்கை போகவில்லை. 2021-ல் மேட்டூர் அருகே ஒரு மாணவரைத் தேர்வு நாளன்றே இழந்த மாவட்டம் இது. மனம் சோர்ந்தால் 104 அல்லது 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள், கட்டணம் இல்லை. வீட்டில் இருப்பவர்கள் மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன்பு சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.

இந்த ஜூனில் செய்ய வேண்டியவை

ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளை வீட்டில் இருந்தால், எந்தப் பள்ளி என்று முடிவெடுக்கும் முன் 7.5 சதவீத விதியை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து எந்தெந்தப் பள்ளியில் படித்தார் என்பதற்கான சான்றுகளை ஒரு பையில் சேர்த்து வையுங்கள். கலந்தாய்வு நேரத்தில் அவற்றுக்கு அலைந்து நாளைத் தவறவிட்டவர்கள் உண்டு. சாதிச் சான்று, வருமானச் சான்றை முன்கூட்டியே இ-சேவை மையத்தில் வாங்கிவிடுங்கள். பெயரும் பிறந்த தேதியும் ஆதாரிலும் பள்ளிப் பதிவிலும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பாருங்கள்.

சேலத்தில் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி 1986-லிருந்து இருக்கிறது. நாமக்கல்லில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. இரண்டும் நம் ஊர்ப் பேருந்து போகும் தூரத்தில்தான் இருக்கின்றன. நம் மக்கள் அங்கே நோயாளியாகவும் துப்புரவுப் பணியாளராகவும் தினமும் போய் வருகிறார்கள். அடுத்த பத்து ஆண்டுகளில் எத்தனை காலனிகளிலிருந்து ஒரு பிள்ளையாவது வெள்ளைக் கோட்டோடு அந்த வாசலில் நுழையும் என்பது, இந்த ஜூனில் ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளைகளை நாம் எங்கே சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்தே அமையும்.