பெர்லின் மாடிப்படிகளில் கிடந்த அட்டைகள்

1940-ஆம் ஆண்டு செப்டம்பர் முதற்கொண்டு பெர்லின் நகரத்து அடுக்கு வீடுகளில் ஒரு புதுமை நிகழலாயிற்று. மாடிப்படிகளிலும் தபால் பெட்டிகளிலும் கையால் எழுதிய தபாலட்டைகள் கிடந்தன. ஹிட்லரின் போருக்கு உழைக்காதீர், நாஜிகளின் குளிர்கால உதவி நிதிக்குக் காசு கொடாதீர் என்பன போன்ற வேண்டுகோள்கள் அவற்றில் காணப்பட்டன. எழுத்துக்கள் அச்செழுத்துப் போல ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதப்பட்டிருந்தன, பிழைகளும் மலிந்திருந்தன. பள்ளியில் அதிகம் பயிலாத கை என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கும்.

எழுதியவர்கள் வெட்டிங் என்னும் தொழிலாளர் வட்டாரத்தில் வாழ்ந்த ஓட்டோ ஹாம்பெலும் அவர் மனைவி எலிஸாவும் ஆவர். கணவர் தொழிற்சாலைத் தொழிலாளி. மனைவி வீட்டுவேலை செய்து வந்தவர். இவர்கள் முதலில் ஆட்சிக்கு விரோதிகள் அல்லர். அம்மையார் நாஜி மாதர் சங்கத்தில் உறுப்பினராகவே இருந்தார். 1940-இல் அவருடைய சகோதரர் பிரான்சுப் போர்முனையில் மாண்டார். அத்துயரமே இருவரையும் திருப்பியது.

அட்டையை ஆயுதமாகக் கொண்டது ஏன்? 1933 அக்டோபரில் வந்த சட்டம் பத்திரிகாசிரியர்களை அரசின் கைக்குள் கொண்டுவந்தது. 1934 டிசம்பரில் வந்த சட்டம் அரசையும் கட்சியையும் இழித்துப் பேசுவதையே குற்றமாக்கிற்று. 1939 செப்டம்பரில் அந்நிய நாட்டு வானொலியைக் கேட்பதும் தடுக்கப்பட்டது. ஆகவே ஆட்சியை வெறுத்த ஒருவன், தன்னைப் போல் இன்னொருவன் உண்டா என்று அறியவும் வழியில்லை. எதேச்சாதிகாரத்தின் பலத்தில் பெரும்பகுதி இந்தத் தனிமையில்தான் அடங்கியிருக்கிறது. அதை உடைக்க ஒரு காசு அட்டை போதுமென்று அத்தம்பதியர் நம்பினர்.

நம்பிக்கை பலிக்கவில்லை. ஏறத்தாழ இரண்டாண்டுகளில் அவர்கள் வைத்த 200-க்கு மேற்பட்ட அட்டைகளில் பெரும்பாலானவை கெஸ்டபோ என்னும் ரகசியப் போலீசாரிடம் போய்ச் சேர்ந்தன. கொண்டு போய்க் கொடுத்தவர்கள் கண்டெடுத்த பொதுமக்களே. அவர்களைக் கோழைகள் என்று ஏசுவது எளிது. அட்டையைக் கையில் எடுத்தவனின் நிலையைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். குனிந்து எடுத்ததை எதிர்வீட்டார் பார்த்திருக்கலாம். கட்சிக்காரரே சோதனைக்காக வைத்திருக்கலாம். வைத்துக்கொண்டால் ஆபத்து, கிழித்தால் கிழித்ததை யாரேனும் கண்டிருக்கலாம். போலீசிடம் கொடுத்துவிடுவது ஒன்றே பத்திரம். படிக்கட்டுக்கு ஒரு காவலரை நிறுத்தாமலேயே அரசின் காரியம் நடந்தேறியது.

1942 அக்டோபரில் இருவரும் பிடிபட்டனர். ஹிட்லரை எதிர்த்ததில் தமக்கு மகிழ்ச்சியே என்று ஓட்டோ விசாரணையில் கூறினார். 1943 ஜனவரியில் 'மக்கள் நீதிமன்றம்' மரண தண்டனை விதித்தது. பெயரில்தான் மக்கள்! அவ்வாண்டு ஏப்ரல் 8-ஆம் நாள் பிளெட்சென்சே சிறையில் இருவர் தலையும் துண்டிக்கப்பட்டன.

அட்டைகளை அழியாமல் காத்தது போலீஸ் கோப்பே. போருக்குப் பின் அக்கோப்பு ஹான்ஸ் ஃபல்லாடா என்ற நாவலாசிரியர் கைக்கு வந்தது. 1946-இல் நான்கு வாரத்திற்குள் அவர் நாவலை எழுதி முடித்தார். 1947-இல் அது வெளியாகுமுன் இறந்தார். கதையில் சகோதரனுக்குப் பதிலாக ஒரே மகன் போரில் மடிகிறான். கணவனும் மனைவியும் கடைசிவரை ஒருவர்மீது ஒருவர் பழி சுமத்துவதில்லை. ஆனால் உண்மையில் ஹாம்பெல் தம்பதியர், உயிர்ப்பிச்சை கேட்டு எழுதிய கருணை மனுக்களில், குற்றத்தை ஒருவர்மேல் ஒருவர் சுமத்தியிருந்தனர்.