ஆசானுக்கும் ஓர் ஆசான்!

பட்டறைக்குப் புதிதாக வந்த பையனுக்கு லேத் ஓட்ட எப்படிப் பழக்குகிறோம்? மண்டபத்தில் உட்காரவைத்து, இரண்டு நாள் சொற்பொழிவாற்றி, தேநீரும் தந்து, "போய் ஓட்டு" என்றா அனுப்புகிறோம்? மேஸ்திரி பக்கத்தில் நிற்கிறார். கை தவறும் இடத்தைக் காண்கிறார். தாமே பிடித்துக் காட்டுகிறார். உழைக்கும் தோழர்கள் அறிந்த இந்த உண்மை, கல்வித்துறைக் கோமான்களுக்கு விளங்க நெடுங்காலம் பிடித்தது!

தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். 1953இல் வெள்ளையர் ஆட்சி பாண்டு கல்விச் சட்டம் கொண்டுவந்தது. கறுப்பர் வீட்டுப் பிள்ளைக்குக் கூலி வேலைக்கான படிப்பே போதும் என்பது அதன் உள்ளக்கிடக்கை. 1994இல் நிறவெறி ஆட்சி வீழ்ந்தது. அது விட்டுச் சென்ற இருள் வீழவில்லை. 2016இல் நடந்த பன்னாட்டு வாசிப்புத் தேர்வில், நாலாம் வகுப்புப் பிள்ளைகளில் நூற்றுக்கு 78 பேர், படித்ததன் பொருள் உணராதவர்கள் எனத் தெரிந்தது. 2021இல் அது 81 ஆயிற்று. இடையே கொள்ளைநோய் வந்து பள்ளிகளைப் பூட்டியதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்நாட்டின் வடமேற்கு மாகாணத்தில் 2015இல் ஒரு சோதனை தொடங்கினார்கள். 230 பள்ளிகள், முதல் வகுப்புப் பிள்ளைகள், கற்பிக்கும் மொழி, அவர்தம் தாய்மொழியாம் செட்சுவானா. ஆம், தாய்மொழி! 50 பள்ளிகளின் ஆசிரியர்களை ஓரிடத்துக்கு அழைத்துப் பயிற்சி தந்தார்கள். வேறு 50 பள்ளிகளுக்குப் பயிற்றுநரை வகுப்பறைக்கே அனுப்பினார்கள். இருசாராருக்கும் புத்தகம் ஒன்றே, பாடக்குறிப்பும் ஒன்றே. ஈராண்டு கழித்துப் பிள்ளைகளை வாசிக்கச் சொன்னபோது, முன்னவர்கள் சிறிது முன்னேறியிருந்தார்கள். பின்னவர்கள் அதைப்போல் இரு மடங்கு!

மந்திரமா? இல்லை. பிள்ளைகளைச் சிறு குழுக்களாகப் பிரித்து வாசிக்கவைக்கும் வழக்கம் அந்த வகுப்புகளில் கூடியிருந்தது. வகுப்பு முழுவதும் ஒரே குரலில் ஒப்பிக்கும் கூச்சலில், எழுத்தறியாப் பிள்ளை வாயை அசைத்தே தப்பிவிடும். நாமும் அப்படித் தப்பியவர்கள்தாமே! குழுவிலே ஒளிய இடமில்லை. ஒவ்வொரு பிள்ளையும் வாய்விட்டுப் படித்தாக வேண்டும், ஆசிரியர் காது கொடுத்தாக வேண்டும். மண்டபத்தில் கேட்டுவந்தவருக்கும் இது தெரியும். தெரிந்தென்ன? ஒரு குழுவைக் கவனிக்கையில் மற்றவை சந்தடி செய்யும். பழைய பாட்டையே மேல் என்று தோன்றும். அந்த நேரத்தில் அருகே ஒருவர் இருக்கவேண்டும்.

அந்த ஒருவர் அதிகாரியாக வந்தால் காரியம் கெட்டது! குறை எழுதிச்செல்ல வந்த நிறவெறி அரசின் ஆய்வாளர்களை, 1980களின் இறுதியில் பள்ளிக்குள் நுழையவிடாமல் விரட்டியவர்கள் அந்நாட்டு ஆசிரியர்கள். ஆசிரியரை மாட்டிவைக்க வரவில்லை, பிள்ளை வாசிக்கிறதா என்று சேர்ந்து பார்க்க வந்தேன் என்பதைப் பயிற்றுநர் சொல்லால் அல்ல, மாதந்தோறும் நடத்தையால் காட்டவேண்டும்.

"ஊர் ஊராக ஆள் அனுப்பக் கருவூலம் தாங்குமா?" என்பார்கள் சிலர். மண்டபப் பயிற்சியைவிட இதற்குச் செலவு கூடுதல்தான், மறைக்கவில்லை. ஆனால் சோதனை நடத்தியவர்கள் கணக்கும் போட்டார்கள்: செலவிட்ட ஒவ்வொரு காசுக்கும் கிடைத்த வாசிப்பு, வகுப்பறைக்கே ஆள் போன பள்ளிகளில்தான் அதிகம்.