புத்தூர் பால் வங்கியின் கதவிடுக்கில்!

செருப்பை வெளியே விடுங்க. வளையல், வாட்ச், மோதிரம் எல்லாம் கழற்றுங்க. முழங்கை வரை சோப்பு போட்டாச்சா? வாங்க, எட்டிப் பார்க்கலாம்!

மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை என்று நீட்டி முழக்க வேண்டாம். திருச்சி ஆட்டோக்காரரிடம் ‘புத்தூர் ஜி.ஹெச்.’ என்றால் கொண்டுவந்து விட்டுவிடுவார். தமிழக அரசு 2015இல் திறந்த ஏழு தாய்ப்பால் வங்கிகளில் ஒன்று இங்கேதான். பொருத்தமான ஊர்! காவிரி வெள்ளத்தில் அம்மா அக்கரையில் மாட்டிக்கொள்ள, அவள் உருவில் வந்து ரத்னாவதி என்ற பெண்ணுக்குப் பிரசவம் பார்த்த சிவபெருமான், தாயுமானவராக மலைக்கோட்டையில் இருக்கிறார். என்னைக் கேட்டால், திருச்சியின் முதல் நர்ஸ் அவர்தான்.

அவர் வழியில் நர்ஸாக வருபவர்களுக்கு, 2021இல் வந்த பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தில் விருப்பப் பாடங்கள் உண்டு. கடைசி இரண்டு செமஸ்டருக்கான பட்டியலில் பாலூட்டல் மேலாண்மையும் ஒன்று. மொத்தமே 20 மணி நேரம்! அதில் என்ன வந்துவிடும்? மீதியை மருத்துவமனை போஸ்டிங்கில் தாங்களாகத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். வேடிக்கையே அங்கேதான்.

பச்சிளங்குழந்தைப் பிரிவை விரும்பி எடுத்த மாணவியின் பாக்கெட் நோட்டைப் புரட்டினால் ஒரே கணக்கு. குழந்தை 1,200 கிராம். முதல் நாள் கிலோவுக்கு 80 மில்லி என்றால் 96 மில்லி. இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம், 12 வேளை. வேளைக்கு எட்டே எட்டு மில்லி! அதைப் புகட்டுவது எதில் தெரியுமா? நம் பாட்டிமார் வைத்திருந்த அதே பாலாடைக் கிண்ணத்தில். அதன் மூக்கைக் குழந்தையின் உதட்டோரம் வைத்து, துளி சாய்த்து, அந்த வாய் இறங்கியதா என்று பார்த்து, பிறகுதான் அடுத்த துளி. முதலில் பொம்மைக்குத் தண்ணீர் புகட்டிப் பழகிக்கொள்ள வேண்டும்.

நோட்டில் அடுத்து ஒரு கேள்வி: தானப் பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்குகிறார்களே, பேசாமல் கொதிக்க வைத்தால் என்ன? இந்தக் கேள்வி தேர்வில் வராமலே போகலாம். ஆனால் கேட்டவள் மறக்க மாட்டாள். கொதித்தால் நோய் எதிர்ப்புச் சத்துகளும் சேர்ந்தே போய்விடும். 62.5இல் கிருமி சாகும், அந்தச் சத்துகளில் கணிசமானவை பிழைக்கும். பிறகு கிருமிப் பரிசோதனை, மைனஸ் 20 டிகிரி ஃப்ரீஸர். தானம் தரும் தாய்க்கு முன்னதாகவே எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி சோதனைகள் வேறு.

நர்சிங் படிக்கும் தங்கைகளே, தம்பிகளே, விருப்பப் பாடப் பட்டியல் கைக்கு வந்தால் பாலூட்டலுக்கு ஒரு டிக் அடித்துவிடுங்கள். போஸ்டிங் போகும்போது சொந்தமாக ஒரு கேள்வியையும் எடுத்துப் போங்கள்.