தீவன மூட்டையைப் படித்து வாங்குங்கள்

ஜொகூரின் கூலாயைச் சுற்றிச் செம்பனைத் தோட்டங்களுக்குப் பஞ்சமில்லை. எண்ணெய் பிழிந்தபின் எஞ்சும் செம்பனைப் பருப்புப் புண்ணாக்கு மாட்டுக்குப் போகிறது. மீனுக்கும் அது ஆகும் என்று பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002-லேயே காட்டிவிட்டார்கள். சிவப்புத் திலாப்பியாவின் தீவனத்தில் அதை 20 விழுக்காடு சேர்த்தும் வளர்ச்சி குன்றவில்லை; நொதி கலந்து பதப்படுத்தியபோது 30 விழுக்காடுவரை சேர்க்க முடிந்தது.

மீன்தூளுக்குப் பதில் இப்படித் தாவரப் பொருளைச் சேர்க்கும் மாற்றம் தேவையானதுதான். கடலில் பிடித்த சிறுமீனை அரைத்துக் குளத்து மீனுக்குப் போடுவது நெடுநாள் தாங்காது. 2023-ல் பெரு நாடு முதல் பருவ நெத்திலிப் பிடிப்பை ரத்து செய்ததும் மீன்தூள் விலை எகிறியது. நார்வேயின் சால்மன் தீவனத்தில் 1990-ல் சுமார் 90 விழுக்காடு இருந்த கடல்சார் பொருள்கள் 2013-ல் ஏறத்தாழ 30 விழுக்காடாகக் குறைந்துவிட்டன.

ஆனால் மூட்டையில் அச்சிட்ட புரத அளவை மட்டும் நம்பி வாங்குவது ஆபத்து. ஆய்வகத்தில் பொதுவாக நைட்ரஜனை அளந்து, 6.25-ஆல் பெருக்கித்தான் அந்த எண்ணைச் சொல்கிறார்கள். நைட்ரஜன் மிகுந்த மெலமைனைக் கலந்தாலும் எண் உயரும். 2007-ல் வட அமெரிக்காவில் நாய், பூனை உணவில் சிக்கிய இந்த மோசடி, மீன் தீவனம்வரை வந்திருந்தது.

கலப்படம் இல்லாத சரக்கிலும் கவனம் வேண்டும். சரியாகச் சூடாக்காத சோயா, மீனின் செரிமானத்தைத் தடுக்கும். சோயாவில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் குறைவு. அதை ஈடுசெய்யாவிட்டால் வளர்ச்சி தேங்கும்.

எல்லாவற்றையும்விட அஞ்ச வேண்டியது பூஞ்சை நஞ்சான அஃப்ளடாக்சின். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பண்ணைகளில் டிரவுட் மீன்களுக்குக் கூட்டம் கூட்டமாக ஈரல் புற்று வந்தது. தீவனத்தில் சேர்த்த பருத்திக்கொட்டைப் புண்ணாக்கில் இந்த நஞ்சு இருந்தது. ஜொகூரின் ஈரக்காற்றில் தரையோடு அடுக்கிய மூட்டை எளிதில் பூஞ்சை பிடிக்கும். வெயிலில் காயவைத்தாலும் நஞ்சு முற்றாகப் போய்விடாது. பூத்த தீவனத்தைக் கொட்டிவிடுவதே சரி.

நட்டப்பட்டவர் எங்கே போவது? பயனீட்டாளர் தீர்ப்பாயம் 50,000 ரிங்கிட்வரை விசாரிக்கும் என்றாலும், அது வீட்டுத் தேவைக்கு வாங்குவோருக்கானது. தொழிலுக்குத் தீவனம் வாங்கியவருக்கு அந்த வழி அநேகமாகத் திறக்காது. அவருக்குத் துணை 1957-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம். விவரித்தபடி சரக்கு இருக்க வேண்டும். எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், அந்தப் பயனுக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும். 5,000 ரிங்கிட்வரை தனிநபர் வழக்கை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறுகோரிக்கைப் பிரிவில், 198-ஆம் படிவத்தை நிரப்பி, வழக்கறிஞர் இல்லாமலே தொடுக்கலாம்.

ஆதாரமில்லாத வழக்கு நிற்காது. ஆகவே குளம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ரசீதையும் தொகுதி எண் தெரியும் மூட்டைப் படத்தையும் பத்திரப்படுத்துங்கள். ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் கொஞ்சம் தீவனத்தை எடுத்துக் காற்றுப்புகாமல் மூடி வையுங்கள். மீன் தீனி எடுக்காமல் ஒதுங்கினால், அன்றைக்கே மீன்வளத் துறை அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.