பேஞ்சோ வாங்கப் போறீங்களா? விலையைப் பார்க்கிறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க



போன், பைக், லேப்டாப் வாங்குறதைப் பத்தி நிறைய பேசியிருக்கோம். இன்னைக்கு கொஞ்சம் வித்தியாசமான பொருள்: பேஞ்சோ. ரீல்ஸ்ல யாரோ மூணு விரல்ல சடசடன்னு வாசிக்கிறதைப் பார்த்துட்டு, "நானும் ஒண்ணு வாங்கணும், நடுத்தர விலையில எது நல்லது?"ன்னு தேட ஆரம்பிச்சவங்களுக்கான கட்டுரை இது.

வில்லியனூர்ல இருந்து சேதராப்பட்டு கம்பெனிக்கு ஷிப்ட் போறீங்க, இல்ல பாகூர், கிருமாம்பாக்கத்துல இருந்து தினமும் பாண்டிக்கு பஸ் ஏறுறீங்கன்னு வச்சுக்குவோம். கைக்கு வர்ற சம்பளம் ரூ.24,000. வீட்டுக்குக் கொடுக்கணும், சீட்டு கட்டணும், பெட்ரோல் போடணும். இதுக்கு நடுவுல ஒரு இசைக்கருவி வாங்குறது வீண் செலவா? என்னைக் கேட்டா, இல்லை. ஆனா வாங்கி ரெண்டு மாசத்துல பீரோ மேல ஏத்தி வச்சா, அது நிச்சயம் வீண் செலவுதான். அந்த ரெண்டுல எது நடக்கும்ங்கிறதை விலை மட்டும் முடிவு பண்றதில்ல.

முதல் குழப்பம்: ஒரே பேர், ரெண்டு கருவி

ஆன்லைன்ல பேஞ்சோன்னு தேடினா சம்பந்தமே இல்லாத ரெண்டு பொருள் வரும்.

ஒண்ணு, அமெரிக்க நாட்டுப்புற இசையில வர்ற பேஞ்சோ. பறை மாதிரி ஒரு வட்டச் சட்டம், அதுக்கு மேல இழுத்துக் கட்டின தோல், அதுல கிட்டார் மாதிரி ஒரு நீளமான கழுத்து. ஆப்பிரிக்காவுல இருந்து அடிமைகளா கொண்டுபோகப்பட்ட மக்கள், கரீபியன் தீவுகள்லயும் வட அமெரிக்காவுலயும் சுரைக்குடுக்கையில தோல் போர்த்திச் செய்த கருவிதான் இதோட மூதாதை.

இன்னொண்ணு, நம்ம ஊர்ல புல்புல்தாரான்னு சொல்ற கருவி. நீளமான பெட்டி, மேல டைப்ரைட்டர் மாதிரி பொத்தான்கள், கீழே ஸ்ட்ரிங். 1912-ல ஜப்பானின் நகோயாவுல கோரோ மோரிடா உருவாக்கின தைஷோகோதோ, பிறகு இந்தியாவுக்கு வந்து புல்புல்தாரா ஆச்சு. மும்பை பக்கம் விநாயகர் ஊர்வலத்துல வாசிக்கிற "பேஞ்சோ பார்ட்டி" இதைத்தான் வாசிக்குது. 2016-ல ரித்தேஷ் தேஷ்முக் நடிச்ச "பேஞ்சோ" இந்திப் படத்துல வர்றதும் இதுதான்.

ரெண்டுக்கும் விலை, வாசிக்கிற முறை, கத்துக்கிற வழி எல்லாமே வேற. அதனால ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி, உங்களுக்குப் பிடிச்ச அந்த வீடியோவை மறுபடி பாருங்க. விரல் கழுத்து மேல ஓடுதா, பொத்தான் மேல ஓடுதா? பாதிப் பிரச்னை இங்கேயே தீர்ந்துடும்.

சினிமா மெலடியை ஒத்தை ஸ்வரமா வாசிச்சு வீட்டுல எல்லாரையும் சந்தோஷப்படுத்தணும்னா, புல்புல்தாரா போதும். விலையும் பல மடங்கு கம்மி. கையால செய்த உள்நாட்டு இசைக்கருவிகளுக்கு ஜிஎஸ்டி விலக்கு கொடுத்து 2017-ல வந்த பட்டியல்ல புல்புல்தாரா இருக்கு. அதனால பில்லுல வரி போட்டிருந்தா, ஏன்னு ஒரு வார்த்தை கேளுங்க. வாங்கும்போது ஒவ்வொரு பொத்தானையும் அழுத்திப் பாருங்க. விட்டதும் டக்குன்னு மேல வரணும், சத்தம் மொத்தையா இல்லாம தெளிவா கேட்கணும். எலெக்ட்ரிக் மாடல்னா ஆம்ப்ளிஃபயர்ல மாட்டி, வாசிக்காம இருக்கும்போது இரைச்சல் வருதான்னு கவனிங்க. கமகத்தை மட்டும் இதுல பெரிசா எதிர்பார்க்காதீங்க.

இல்ல, எனக்கு அந்த அமெரிக்க பேஞ்சோதான் வேணும்னா, மேல படிங்க.

பணம் போடுறதுக்கு முன்னாடி: பூஜ்ஜிய ரூபாய் டெஸ்ட்

இந்தக் கட்டுரையில ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கிறதா இருந்தா இதை எடுத்துக்குங்க.

ஃப்ரெண்ட்கிட்டயோ, சர்ச் குவையர்லயோ சும்மா கிடக்கிற கிட்டார் ஒண்ணைக் கடன் வாங்குங்க. கிட்டாரோட மெல்லிய நாலு ஸ்ட்ரிங், தடிமன்ல இருந்து மெல்லிசுக்கு, டி, ஜி, பி, ஈ. அதுல கடைசி ஈ ஸ்ட்ரிங்கை மட்டும் இறக்கி டி-யா வைங்க. இப்ப டி, ஜி, பி, டி. அஞ்சு ஸ்ட்ரிங் பேஞ்சோவோட நாலு நீள ஸ்ட்ரிங்குக்கும் வழக்கமா வைக்கிற ஸ்ருதி இதேதான்! ட்யூனர் ஆப் போன்லயே இலவசமா இருக்கு.

கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல். இந்த மூணை வச்சு மாத்தி மாத்தித் தட்டுற பயிற்சியை யூடியூப் பார்த்து தினம் 20 நிமிஷம், ஆறு வாரம் பண்ணுங்க. பேஞ்சோ சத்தம் வராது, அஞ்சாவது ஸ்ட்ரிங்கும் இருக்காது. ஆனா உங்களுக்கு வேண்டிய பதில் கிடைக்கும்: ஷிப்ட் முடிஞ்சு வந்து களைச்சுப்போய் உட்காரும்போது, கை தானா கருவியைத் தேடுதா?

தேடுச்சுன்னா வாங்குங்க. தேடலைன்னா, நீங்க ரூ.24,000 மிச்சம் பிடிச்சுட்டீங்க.

ஒரு சின்னக் கணக்கு. வாரத்துக்கு 5 நாள், தினம் 20 நிமிஷம், வருஷத்துக்கு 50 வாரம்னா சுமார் 83 மணி நேரம். ரூ.24,000-ஐ வகுத்தா, முதல் வருஷமே மணிக்கு ரூ.290-க்குள்ள வந்துடுது. ரெண்டாவது வருஷம் அது பாதியாகும். ரெண்டே மாசத்துல நிறுத்திட்டா? மொத்தமே சுமார் 14 மணி நேரம்தான். மணிக்கு ரூ.1,700 ஆகிடும்!

நடுத்தர விலைன்னா எது?

விலைச்சீட்டுல இருக்கிறது கருவியோட விலை. உங்களுக்கு வேண்டியது, அதை வாசிக்கிற நிலைக்குக் கொண்டுவர ஆகுற விலை. மொத்த பட்ஜெட் ரூ.24,000-ன்னு வச்சு நான் பிரிக்கிற மாதிரி இது. உங்க கடை விலையைப் போட்டு மாத்திக்குங்க.

- கருவி: ரூ.17,000
- பஞ்சு வச்ச நல்ல பை: ரூ.1,500
- கடையில செட்டிங் பண்ண: ரூ.1,000
- கூடுதலா ரெண்டு செட் ஸ்ட்ரிங்: ரூ.1,500
- விரல்ல மாட்டுற பிக், கிளிப் ட்யூனர்: ரூ.1,000
- வகுப்புக்கும் திடீர் ரிப்பேருக்கும்: ரூ.2,000

24,000-ஐயும் கருவியிலயே கொட்டிட்டு, அறுந்த ஸ்ட்ரிங் மாத்தக் காசில்லாம உட்கார்ந்திருக்கிறதுல அர்த்தமில்ல. ரொம்ப மலிவான கருவியும் வேணாம். ஸ்ருதி நிக்காத கருவியில, தப்பு நம்ம மேலயா கருவி மேலயான்னு தெரியாமலேயே பலரும் விட்டுடுவாங்க.

மேல் பக்கமும் ஒரு எல்லை வைங்க. முதல் கருவிக்கு ஒரு மாசச் சம்பளத்தைத் தாண்டாதீங்க. டீரிங் குட்டைம் மாதிரி அமெரிக்கத் தயாரிப்பு அருமையா இருக்கும்தான். ஆனா வெளிநாட்டுல இருந்து வரவழைச்சா, பொருள் விலையோட அனுப்புற செலவையும் இன்ஷூரன்ஸையும் சேர்த்துத்தான் சுங்க வரியே கணக்குப் போடுவாங்க. அதுக்கு மேல ஐஜிஎஸ்டி வேற. டாலர் விலையை ரூபாயாப் பெருக்கிப் பார்த்து ஏமாறாதீங்க.

எத்தனை ஸ்ட்ரிங்?

- அஞ்சு: ரீல்ஸ்ல நீங்க பார்த்தது பெரும்பாலும் இதுதான். அஞ்சாவது ஸ்ட்ரிங் குட்டையா, கழுத்துக்கு நடுவுல இருந்து தொடங்கும். பாடங்களும் இதுக்குத்தான் அதிகம்.
- நாலு: மேண்டலின் வாசிக்கத் தெரிஞ்சவங்களுக்கு டெனர் பேஞ்சோ சுலபம். மேண்டலினுக்கு ஒரு ஆக்டேவ் கீழே அதே ஸ்ருதி வச்சுக்கலாம், விரல் முறை மாறாது.
- ஆறு: கிட்டார் ஸ்ருதியே. ஆர்கெஸ்ட்ராவுல கிட்டார் வாசிக்கிறவருக்கு வாங்கின அன்னைக்கே பயன்படும். ஆனா அந்த அஞ்சு ஸ்ட்ரிங் துள்ளல் இதுல அப்படியே வராது.

அடுத்த கேள்வி, பின்பக்கம் மூடினதா, திறந்ததா? மூடின மாடல்ல சத்தம் முன்பக்கம் பாயும், எடையும் விலையும் கூடும். பக்கத்து வீட்டுச் சுவரும் நம்ம சுவரும் ஒண்ணா இருக்கிற தெருவுல, நைட் ஷிப்ட் முடிஞ்சு வாசிக்கிறவருக்குத் திறந்த மாடலே நல்லது. அதே விலைக்கு உடம்பும் கழுத்தும் கொஞ்சம் நல்ல தரத்துல கிடைக்க வாய்ப்பு அதிகம்.

கடையில பத்து நிமிஷம்: எதையெல்லாம் பார்க்கணும்?

1. கழுத்து: தலைப்பக்கத்துல இருந்து ஒத்தைக் கண்ணால நீளவாக்குல பாருங்க. முறுக்கு தெரிஞ்சா வேணாம். உள்ளே வளைவைச் சரிசெய்யுற ட்ரஸ் ராட் இருக்கான்னு கேளுங்க.
2. ஸ்ட்ரிங் உயரம்: 12-வது ஃப்ரெட்டுல சுமார் 3 மில்லிமீட்டர் இருந்தா நல்லது. ரொம்ப உயரம்னா விரல் வலியிலேயே விட்டுடுவீங்க.
3. 12-வது ஃப்ரெட் சத்தம்: அங்கே லேசாத் தொட்டு வர்ற சத்தமும் அழுத்தி வர்ற சத்தமும் ஒண்ணா இருக்கணும். இல்லைன்னா உடனே ஒதுக்கிடாதீங்க. பேஞ்சோவோட பிரிட்ஜ் ஒட்டினது இல்ல, ஸ்ட்ரிங் அழுத்தத்துலதான் நிக்குது. கடைக்காரரை அதைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லுங்க, பெரும்பாலும் சரியாகிடும்.
4. அஞ்சாவது ஸ்ட்ரிங் ட்யூனர்: பல்சக்கரம் வச்சதா இருக்கணும். வெறும் உராய்வுல நிக்கிறது கொஞ்ச நேரத்துல வழுக்கும்.
5. சட்டம்: பல அடுக்கு மரத்துல செய்த சட்டம் முதல் தேர்வு. மெல்லிசான அலுமினியச் சட்டம்னா விலையைக் குறைச்சுக் கேளுங்க.
6. சுத்தி இருக்கிற ஹூக்: எல்லாம் சீரா இறுகியிருக்கா, துரு இருக்கான்னு பாருங்க.
7. எல்லா ஃப்ரெட்டும்: ஒவ்வொரு ஸ்ட்ரிங்லயும் ஒவ்வொண்ணா அழுத்தி வாசிங்க. எங்கயாவது கரகரன்னு கேட்டா காட்டிக் கேளுங்க.

நம்ம கடலோரக் காத்துக்கு இன்னும் ஒரு விஷயம். மழைக்காலத்துல பறையை நெருப்புல காட்டிச் சூடேத்துறதைப் பார்த்திருப்பீங்க. ஈரத்துல தோல் தளர்ந்துடும். தோல் போர்த்தின பேஞ்சோவுக்கும் அதே கதிதான். அதனால மைலார் பிளாஸ்டிக் ஹெட் போட்டதையே வாங்குங்க. ஸ்ட்ரிங் துருப்பிடிக்கிறதைத் தள்ளிப்போட, வாசிச்சு முடிச்சதும் காய்ஞ்ச துணியால துடைச்சுப் பையில வைங்க.

ரிப்பேருக்கு எவ்வளவு தூரம்?

வில்லியனூர்ல இருந்து பாண்டி டவுன் சுமார் 10 கிலோமீட்டர். பாகூர்காரங்களுக்கு கடலூரும் பக்கம்தான். கிட்டார் விக்கிற கடைக்குப் போய் ரெண்டே கேள்வி கேளுங்க: "பேஞ்சோ செட்டிங் பண்ணித் தருவீங்களா? ஸ்ட்ரிங் வரவழைச்சுத் தருவீங்களா?" ரெண்டுக்கும் ஆமான்னு சொல்ற கடை, ஆன்லைனை விட ஆயிரம் ரெண்டாயிரம் கூடச் சொன்னாலும் அங்கேயே வாங்குங்க. இல்லைன்னா ஒவ்வொரு பிரச்னைக்கும் 150 கிலோமீட்டர் தாண்டி சென்னைக்குத் தூக்கிட்டுப் போகணும். ஒரு நாள் லீவு, பஸ் செலவு எல்லாம் சேர்த்தா அந்தத் தள்ளுபடி காணாமப் போயிடும்.

ஆன்லைன்லதான் வாங்கணும்னா, பிரிக்கிறதை முழுசா வீடியோ எடுங்க. மேல சொன்ன ஏழையும் ரிட்டர்ன் தேதிக்குள்ள செக் பண்ணிடுங்க.

செகண்ட் ஹேண்ட்? தாராளமா பாருங்க. பேஞ்சோ தேடுறவங்க இங்கே கம்மி, அதனால பேரம் பேச இடம் இருக்கு. ஆனா நீங்க விக்கும்போதும் அதே நிலைமைதான், மறந்துடாதீங்க.

"நோ காஸ்ட்" இஎம்ஐ-ல வாங்கலாமா?

ரூ.24,000, ஆறு மாசம், மாசம் ரூ.4,000. பார்க்க இலவசம் மாதிரி இருக்கும். பேங்க் 15% வட்டி போடுதுன்னு வச்சா, அந்தத் தவணைக்குள்ள வட்டி சுமார் ரூ.1,016. இதைத் தள்ளுபடியா கழிச்சுக் காட்டுவாங்க. ஆனா அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி ரூ.183 உங்க கணக்குலதான் வரும். ப்ராசஸிங் ஃபீஸ் ரூ.199, அதுக்கு ஜிஎஸ்டி ரூ.36. மொத்தம் ரூ.418.

இதையே மாசம் ரூ.3,000 ஆர்டி-யில 8 மாசம் போட்டா, 6.5% வட்டியில சுமார் ரூ.580 உங்களுக்கு வரும். ரெண்டு வழிக்கும் வித்தியாசம் கிட்டத்தட்ட ரூ.1,000. தொகை சின்னதுதான். ஆனா அந்த 8 மாசம் உங்களுக்கு இன்னொண்ணும் தருது: கடன் வாங்கின கிட்டார்ல ஆறு வார டெஸ்டை நிதானமா முடிச்சு, வேணுமா வேண்டாமான்னு முடிவெடுக்க நேரம். வேண்டாம்னு தோணினா ஆர்டி பணம் உங்ககிட்டயே இருக்கும். இஎம்ஐ-ல அந்த வாய்ப்பு இல்ல.

ஆர்டி தொடங்குறதுக்கு முன்னாடி

கிரெடிட் கார்டு பாக்கி இருக்கா? முதல்ல அதை முடிங்க. மூணு மாசச் செலவுக்கான அவசர நிதி இல்லையா? அதுக்கு அடுத்த இடம். இது ரெண்டும் சரின்னா, வீட்டுல "இது எதுக்குப்பா இப்ப?"ன்னு கேட்டாக்கூட குற்ற உணர்ச்சி வேணாம். சேர்த்த காசுல, சோதிச்சுப் பார்த்து, தினமும் எடுத்து வாசிக்கப் போற பொருளை வாங்குறீங்க. பட்ஜெட்ல அதுக்கும் ஒரு இடம் இருக்கு.

உங்க பக்கத்துல பேஞ்சோ செட்டிங் பண்ற கடை தெரிஞ்சா கமெண்ட்ல சொல்லுங்க, அடுத்தவங்களுக்கு ஒரு நாள் லீவு மிச்சமாகும். ஆர்டியா இஎம்ஐயாங்கிற கணக்குல சந்தேகம் இருந்தாலும் உங்க தொகையைப் போட்டுக் கேளுங்க, சேனல்ல பதில் சொல்றேன்.